ஒத்தப்பனை யார் என்று கேட்காதீர்கள்

புதிதாக நம் மாவட்டத்துக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். நான் இத்தனை காலம் நடத்திவந்த 'மாட்டுக்கொட்டகை' என்ற இணையக் குழுவை இனி நீங்கள் ஏற்று நடத்த விரும்புகிறீர்கள். மகிழ்ச்சி. அதை முறைப்படுத்தவும் விரும்புகிறீர்கள். அங்கேதான் சிக்கல். உறுப்பினர்கள் எல்லாருடைய பெயர், ஊர், கைபேசி எண், வைத்திருக்கும் ஆடு மாடு கோழி விவரம் ஆகியவற்றைப் பட்டியலாக அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். எக்செல் கோப்பாக இருந்தால் நல்லது என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

பட்டியல் என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். பணியில் இருந்த காலம் முழுக்க நான் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டவை மாடுகள் மட்டும்தான், அதுவும் கட்டிப்போட்டிருந்ததால். ஓய்வு பெற்ற பிறகு உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் இது ஒரு சாதாரண வாட்ஸ்அப் குழுவாகத்தான் இருந்தது. எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். நானோ ஒழுங்குப் பைத்தியம். மருந்து அலமாரியில் புட்டிகள் உயர வரிசையில் நிற்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு உட்கார்ந்து, நீங்கள் இப்போது கேட்கும் அதே பட்டியலைத் தயாரித்துக் குழுவில் போட்டேன். பெயர், ஊர், எண், பசு எத்தனை, ஆடு எத்தனை, கோழி எத்தனை. 'ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாமே' என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தேன்.

உதவிக்கொண்டார்கள். அரிமளம் பக்கத்தில் ஓர் அம்மா, மூன்று முறை ஊசி போட்டும் பசு சினை பிடிக்கவில்லை என்று குழுவில் கேட்டிருந்தார். மறுநாள் அவர் காபி குடித்து முடிப்பதற்குள் நாலு மாட்டுத் தரகர்கள் அழைத்து, அந்தப் பசுவைப் பற்றித் துக்கம் விசாரித்துவிட்டார்கள். மீமிசலில் கோழித் தீவனத்துக்குக் கருவாட்டுத் தூள் விற்பவர் ஒருவர், கோழி வைத்திருந்த அத்தனை வீட்டுக்கும் தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். ஒரு வீட்டில் கணவர் அந்த ரோஜாப்பூவுக்கு விளக்கம் கேட்டு, மூன்று நாள் அங்கே அடுப்பு எரியவில்லை. ஒரே வாரத்தில், 'ஆடு' என்ற கட்டத்தில் பெரிய எண் இருந்த இரண்டு வீடுகளில் ஆடுகள் காணாமல் போயின. என் பட்டியல்தான் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் நேருக்கு நேர் பார்க்க எனக்கு வெகுநாள் துணிச்சல் வரவில்லை.

அதற்குப் பிறகு சந்தையில் ஒரு தரகர் என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"நீங்க போட்ட லிஸ்ட் ரொம்ப ஒதவியா இருக்குங்க டாக்டரம்மா. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்," என்றார்.

எடுத்தும் காட்டினார். என் வரிசை, என் கட்டங்கள், என் தலைப்பு, எல்லாம் பளபளவென்று இருந்தன. அவமானத்தில் எனக்குக் காது மடல்வரை சுட்டது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பளபளப்புதான் கண்முன் வந்தது.

ஒரு பக்கம் சாய்ந்த வண்டியை நிமிர்த்தப் போய் மறுபக்கம் கவிழ்ப்பது என் வழக்கம். பழைய குழுவை மூடிவிட்டு, எண்ணை மறைத்துக்கொள்ள வசதியுள்ள வேறொரு செயலியில் புதுக்குழு தொடங்கினேன். விதிகளைக் கேளுங்கள். சொந்தப் பெயர் கூடாது. ஊர்ப் பெயர் கூடாது. மாட்டின் பெயர்கூடக் கூடாது. யாராவது பத்து இலக்க எண் ஒன்றை எழுதினால், அதை அந்தக் கணமே அழித்து, எழுதியவரையும் வெளியே தள்ளிவிட ஒரு தானியங்கியை ஏற்பாடு செய்தேன். அதற்கு 'வாட்ச்மேன்' என்று பெயர். நிர்வாகிக்கான கணக்கை வீட்டிலிருந்த ஒரு பழைய கைபேசியில் வைத்துவிட்டு, நானும் சாதாரண உறுப்பினராக, 'சீம்பால்' என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

நான் மருத்துவர் என்று ஏன் சொல்லிக்கொள்ளவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் வேலைக்கு வந்து சில மாதங்கள்தானே ஆகின்றன, ஆனாலும் இதற்குள் தெரிந்திருக்கும். மருந்தகத்துக்கு வரும் மாடு எல்லாமே நேற்றுச் சாயங்காலம்வரை நன்றாக இருந்த மாடுதான். மூன்று நாள் கைவைத்தியம் பார்த்ததை ஒருவரும் சொல்லமாட்டார்கள். பெயரில்லாத அந்தக் கொட்டகையிலோ உண்மை கொட்டியது. மாட்டுக்குத் தடவக் கொடுத்த தைலத்தைத் தன் முழங்காலில் தடவிப் பார்த்ததாகவும், வலி போய்விட்டதாகவும், நாளைக்கு எத்தனை தடவை தடவலாம் என்றும் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டிருப்பாரா?

என்றாலும் அங்கேயும் ஒரு கூச்சம் இருந்தது. எல்லாரும் 'என் நண்பரோட மாடு' என்றே தொடங்குவார்கள். இந்த மாவட்டத்தில் சீக்கு வந்த மாடெல்லாம் நண்பர்களுடையது. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் இதில் ஒரு படி மேல். அவர்கள் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்வார்கள், மாமனாருக்கு மூலம் இருப்பதைச் சொல்வார்கள், காளைக்குச் சளி பிடித்திருப்பதை மட்டும் உயிர் போனாலும் சொல்லமாட்டார்கள். வாடிவாசலில் எதிர்த்து நிற்கப் போகிற ஊர்க்காரன் காதில் விழுந்துவிட்டால் காளைக்கு இருக்கும் பேர் போய்விடும்.

அப்படி இரண்டு காளைக்காரர்கள் கொட்டகையில் இருந்தார்கள். ஒருவர் 'சும்மா ஒருத்தன்'. இன்னொருவர் 'ஒத்தப்பனை'. இருவரும் யார், எந்த ஊர், எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் பேசிக்கொள்வார்கள். பருத்திக்கொட்டை எவ்வளவு ஊறவைப்பது, கண்மாயில் நீச்சல் பழக்குவது எப்படி, குளம்பு வெடித்தால் என்ன செய்வது என்று ஆரம்பிக்கும். கடைசியில் சும்மா ஒருத்தனின் மகள் கல்யாணம், ஒத்தப்பனையின் மனைவிக்குக் கண் அறுவை என்று போய் நிற்கும். நடுவே நான் ஏதாவது மருத்துவம் சொன்னால் சும்மா ஒருத்தன், 'சரியாச் சொன்ன மாப்ள' என்று என்னைப் பாராட்டுவார். சீம்பால் ஓர் ஆண், தன் வயதுக்காரர், வேலை வெட்டி இல்லாதவர் என்று அவருக்கு எப்படியோ முடிவாகியிருந்தது. நானும் திருத்தவில்லை. வேலை பார்த்த இடத்தில் 'மேடம்' என்று கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, யாரோ முகம் தெரியாத ஒருவர் 'மாப்ள' என்று கூப்பிட்டது பிடித்திருந்தது.

ஒரு மாசி மாதம், ஜல்லிக்கட்டுக்குப் பத்து நாள் இருக்கும். பகல் ஒரு மணிக்கு மருந்தகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கொட்டகையில் சும்மா ஒருத்தன் எழுதியிருந்தார்.

'நண்பரோட காளைக்கு இடப்பக்க வயிறு தூக்கிருக்கு. நாக்க வெளிய போடுது. என்ன பண்ணலாம்?'

கூடவே ஒரு படம். காளை யாருடையது என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாதல்லவா, அதன் முகத்தின் மேல் மஞ்சள் நிறச் சிரிப்புப் பொம்மை ஒன்றை ஒட்டியிருந்தார். மேலே சிரிப்பு, கீழே பானை போல வீங்கிய வயிறு. நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. டப்பாவை மூடினேன்.

என்ன தின்றது என்று கேட்டேன். வழக்கமானதுதான் என்றார். மறுபடி கேட்டேன். வீட்டில் வளைகாப்பு என்றும், கலந்த சாதம் கொஞ்சம் வைத்ததாகவும் எழுதினார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதையும் கேட்டேன். பிறகு வந்தது: 'ஒரு அன்னக்கூடை.'

பந்தியில் ஐம்பது பேருக்குப் பரிமாறச் சோறு வடித்துக் கொட்டும் கூடை அது. புல்லும் வைக்கோலும் தின்று பழகிய வயிற்றில் அத்தனை புளிச்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் வைத்தார் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைக் கல்லூரியில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அவருடைய மகளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கன்றுக்குட்டியிலிருந்து அவள் வளர்த்த காளைதான் அவளுக்குத் தம்பி. அக்காவின் வளைகாப்பில் தம்பிக்கு இலை போடாமல் விடுவார்களா? போட்டிருக்கிறார்கள், கூடை நிறைய.

உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று எழுதினேன். அப்போது அவர் எழுதிய பதிலில் நண்பர் காணாமல் போயிருந்தார்.

'முடியாது மாப்ள. வீடு நெறைய ஆளு. டாக்டர் வண்டி வாசல்ல நின்னா புள்ளைக்குத் தெரிஞ்சிரும். ஏழு மாசம். இன்னிக்கு அவ கண்ணுல தண்ணி வரக்கூடாது. நீயே ஏதாவது சொல்லு. போயிருமா?'

நாக்கை வெளியே போட்ட காளைக்கு ஒரு மணி நேரம் என்பது தாராளக் கணக்கு. தனியாகச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். பதற்றத்தில் அவர் அந்தப் பக்கமே போகவில்லை, கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருமயம் பக்கமா, கடற்கரைப் பக்கமா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று விதி எழுதியவள் நான்தான். யோசிக்க நேரமில்லை. 'நான் கால்நடை மருத்துவர். இது என் எண். இப்போதே அழையுங்கள்' என்று எழுதி, பத்து இலக்கத்தையும் போட்டு அனுப்பினேன்.

வாட்ச்மேன் கண் சிமிட்டும் நேரத்தில் அந்தச் செய்தியை அழித்தது. அடுத்த கணம் திரையில், 'விதியை மீறியதால் நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்' என்று வந்தது. அதன் வேலையை அது செவ்வனே செய்தது. அத்தனை பேர் உள்ள குழுவில் அது முதன்முதலாகப் பிடித்த குற்றவாளி நான்தான். என்னைத் திரும்ப உள்ளே விடக்கூடிய பழைய கைபேசி வீட்டுப் பீரோவுக்குள், மின்னேற்றம் இல்லாமல் கிடந்தது. மேஜைமேல் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கோ ஒரு கொல்லையில் ஒரு மனிதர், மாப்ள ஏதாவது சொல்வான் என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மாப்ளயைக் காவல்காரன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.

இரண்டு நிமிடத்தில் கைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஓர் ஆண் குரல், என் குரலைக் கேட்டுச் சற்றுத் தயங்கியது.

"சீம்பாலோட வீட்டுக்காரம்மாங்களா? போன அவர்ட்டக் குடுங்க, அவசரம்."

நான்தான் சீம்பால், நான்தான் டாக்டர், நீங்கள் சும்மா ஒருத்தனா என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"இல்லைங்க, நான் ஒத்தப்பனை. அவன் கூப்பிட மாட்டான், அதுக்குள்ள அழிஞ்சிருச்சு. எம்போனுல மேல நோட்டிபிகேஷனா நின்னுச்சு, சட்டுன்னு உள்ளங்கையில எழுதிட்டேன். அவன் யாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும்ங்க."

எப்படி என்று கேட்டேன்.

"மாட்டு மூஞ்சிய மறைச்சான், கொம்ப மறைக்கலையே. எப்பவும் அப்புடித்தான் படம் போடுவான். அந்தக் கொம்பு எந்தொடையில போன கொம்புங்க."

சுருக்கமாகச் சொன்னார். இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஜல்லிக்கட்டில் யார் காளைக்குப் பரிசு என்று தகராறு. பரிசு ஒரு கட்டில். கமிட்டிக்காரர்கள் கட்டிலைச் சும்மா ஒருத்தன் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எதிரே வந்தால் துப்பிவிட்டுப் போகும் அளவுக்குப் பகை. ஊர்ப் பெயரைச் சொன்னார். பன்னிரண்டு கிலோமீட்டர். கடைசியில் ஒன்று சொன்னார்.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. இத்தன நாளு அவன் பேசுனது எங்கிட்டத்தான்னு தெரிஞ்சா, மாடு பொழச்சாலும் அவன் பொழைக்க மாட்டான்."

அந்த ஊர் என் எல்லையில் இல்லை. அதற்குரிய மருத்துவரை அழைத்தேன். அவர் தடுப்பூசி முகாமில் மாட்டிக்கொண்டிருந்தார், நீங்களே பாருங்கள் மேடம் என்றார். இனிதான் கஷ்டம். என் ஸ்கூட்டர் எந்த வாசலில் நின்றாலும், அந்த வீட்டில் எந்த மாட்டுக்கு என்ன என்று தெருவே பேசும். அவர் எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டாரோ, அதை நான் ஹாரன் அடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பதுங்கிப் போகவும் நேரமில்லை. வளைகாப்பு வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் தாராளமாகப் போகலாம் என்ற ஒரே யோசனைதான் வந்தது. நல்லவேளை, அன்று கொஞ்சம் கெட்டிக் கரைப் புடவைதான் கட்டியிருந்தேன். எதிர்க் கடையில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை. கட்டைப்பையின் அடியில் ரப்பர் குழாயும் மருந்தும், மேலே பழம்.

போனில் சொல்லிவைத்தபடி ஒத்தப்பனை பாதி வழியில் தன் குட்டியானைச் சரக்கு வண்டியோடு வந்து காத்திருந்தார். என் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு அதில் ஏறிக்கொண்டேன். ஆளைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். அவர் ஏறும்போது கால் இழுத்தது என்று மட்டும் சொல்கிறேன், அதில் தவறில்லை. இந்த மாவட்டத்தில் தொடையில் கொம்புத் தழும்பு இல்லாத ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் என்னை இறக்கிவிட்டு, தான் கரைக்கு அங்கிட்டு நிற்பதாகச் சொன்னார்.

வீட்டில் பந்தல், ஒலிபெருக்கி, நூறு பேர். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டாள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாள் என்று நினைத்தார்கள். இரண்டு தரப்புமே உட்கார வைத்து இலை போடப் பார்த்தார்கள். முதலில் வளையல் போட்டுவிடுங்கள் என்று ஓர் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். மறுத்தால் சந்தேகம் வரும். அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையல் போட்டேன். களையான முகம். யாரென்று தெரியாமலே என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் தம்பி பின்னால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறான் என்பது மனதில் ஓட, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அப்போது பக்கத்திலிருந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க மாட்டு டாக்டர்தானே?" என்றாள்.

"மாட்டு டாக்டரும் வளைகாப்புக்குப் போவாங்க," என்றேன். கை கழுவ எங்கிட்டுப் போகணும் என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் நழுவினேன்.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். ஒரு கையில் கைபேசி, ஒரு கை காளையின் கழுத்தில். அவர் அழுதுகொண்டிருந்தார். யாரோ விருந்தாள் வழி தவறி வந்துவிட்டதாக நினைத்து அவசரமாகக் கண்ணைத் துடைத்தார். நான் வாழைப்பழச் சீப்பை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டு, அடியிலிருந்து ரப்பர் குழாயை உருவினேன். அவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சும்மா ஒருத்தன்?" என்றேன்.

நூறு பேர் உள்ள வீட்டில் அந்தப் பெயர் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சீம்பாலா?" என்றார். பிறகு தாங்கமாட்டாமல், "வந்துட்டியா மாப்ள," என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வைத்தியத்தை விவரிக்கப்போவதில்லை, அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். குழாய் உள்ளே போனதும் காற்று சீறிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தை மறைத்தது, வாசனையை எதுவும் மறைக்கவில்லை. பந்தலில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சாம்பார் ஊசிவிட்டதா என்று கேட்டதும், சமையல்காரர் கரண்டியோடு சண்டைக்குப் போனதும் எங்களுக்குக் கேட்டன. அதே சமையல்காரரிடம்தான் ஆப்பசோடா பொட்டலம் பொட்டலமாக வாங்க வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

ஆனால் கணக்கு இடித்தது. ஒரு கூடைச் சோற்றுக்கு இந்த வீக்கம் அதிகம், இந்த மயக்கமும் அதிகம். தவறான கணக்கில் மருந்து கொடுத்தால் காளை சாயங்காலத்துக்குள் மறுபடி விழும். வேறு ஏதாவது வைத்தீர்களா என்று மூன்று தடவை கேட்டேன். மகள்மேல் சத்தியமாக ஒரு கூடைதான் என்றார். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வாசற்படியில் நின்றாள்.

"நானும் ஒரு கூடை போட்டேன்ப்பா," என்றாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சா வைவீங்கன்னு சொல்லல."

யாரிடமிருந்து மறைத்தாரோ அவளே வந்துவிட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து தாயார், யாரையும் பார்க்காமல், பாயசத்தில் மிஞ்சிய ஒரு குடத்தைத் தானும் ஊற்றியதாகச் சொன்னார். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று தடவை, ஒருவருக்கொருவர் தெரியாமல் தம்பிக்கு இலை போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிக்க நேரமில்லாததால் கோபப்பட்டேன். இந்த வீட்டில் இருப்பவர்களும் பெயரை மறைத்துக்கொண்டா இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூவரும் தலையைக் குனிந்தார்கள். காளை மட்டும்தான் உண்மையை மறைக்காமல் வயிற்றில் வைத்துக் காட்டியது.

கணக்கு சரியானதும் வைத்தியமும் சரியாயிற்று. மூன்று மணிக்கு அது நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. நாலு மணிக்குச் சாணம் போட்டது. அந்தப் பெண் அழுதாள்தான், ஆனால் அவள் தகப்பனார் பயந்த அழுகை இல்லை. அவளுக்கு எதுவும் ஆகவில்லை. நாம் யாருக்காக ஒன்றை மறைக்கிறோமோ, அவர்கள் நாம் நினைப்பதைவிடக் கெட்டியான ஆட்கள்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். அது குழுவின் விதிக்கு உட்பட்டது, சொல்லக் கூடாது என்றேன். என் எண்ணை எழுதிக் கொடுத்தேன், இனி மாடு சாகக் கிடந்தால் நண்பரை நடுவில் விடாதீர்கள் என்றேன். அந்த ஆண்டு காளை வாடிவாசலுக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் ஊரில், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது காளையை அவிழ்ப்பது வழக்கமில்லை என்று ஒரு வழக்கத்தை அன்றே உண்டாக்கிச் சொல்லிவிட்டார். ஊரும் அவரை மெச்சியது.

கண்மாய்க் கரையில் ஒத்தப்பனை உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். பிழைத்துவிட்டது என்றேன். வண்டியின் பின்பக்கம் போய்விட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். தன்னைக் குத்திய மாட்டுக்காகவா இப்படி என்று கேட்டேன்.

"நல்லாக் குத்துற மாடுங்க," என்றார்.

வீட்டுக்குப் போய் நிர்வாகி கணக்கிலிருந்து சீம்பாலை மன்னித்து உள்ளே விட்டேன். அதற்குள் கொட்டகையில், அந்த ஆளைப் பார்த்தாலே சந்தேகம்தான், எண்ணை விற்க வந்தவனாக இருக்கும் என்று என்னைப் பற்றிப் பேசி முடித்திருந்தார்கள். சும்மா ஒருத்தன், நண்பரோட காளை பிழைத்துவிட்டது என்று அறிவித்தார். ஒத்தப்பனை, நல்லதுங்க, இனிமேல் சோறு போட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவையுங்கள் என்று பதில் எழுதினார். மறுநாள் சந்தையில் இருவரும் எதிரெதிரே வந்தபோது துப்பிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆக, என் பட்டியலும் தவறு, என் வாட்ச்மேனும் தவறு. வாட்ச்மேனை அன்றே மாற்றிவிட்டேன். இப்போது அது எண்ணை அழிப்பதில்லை, உண்மையாகவே கொடுக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்கும். எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டிய வேளை உங்களுக்கும் வரும். அன்று கொடுப்பது உங்கள் எண்ணாக இருக்கட்டும், அடுத்தவருடையதாக இருக்க வேண்டாம். நான் சொல்லக்கூடிய விதி இப்போது இது ஒன்றுதான்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று சும்மா ஒருத்தன் என் எண்ணுக்கு அழைத்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்றார், காளை கிழடாகிவிட்டது என்றார், சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். புது டாக்டர்கள் வந்து எல்லாரும் பேரும் நம்பரும் எழுத வேண்டும் என்று சொல்வார்களாமே, நிஜமா என்று கேட்டார். சொன்னால் என்ன, உங்களுக்குத்தான் இப்போது மறைக்க ஒன்றுமில்லையே என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு ஒங்களக் கண்மாய்க் கரையில எறக்கிவிட்ட வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதாங்க? அவன்தான்னு அதுக்கு முன்னாடியே தெரியும். கட்டிலப் பத்தி யாராவது பேச்சு எடுத்தா ஒத்தப்பனை மட்டும் ரெண்டு நாளு கொட்டகைப் பக்கமே வரமாட்டான்."

அப்படியானால் நேரில் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். எனக்கு அழுகை வரும்போல இருந்ததால் அதட்டலாகவே கேட்டேன்.

"நேர்ல பாத்தா கட்டிலு வந்துருதுங்க," என்றார். "பேரு எழுதச் சொன்னா அவனும் போயிருவான், நானும் போயிருவேன். கொட்டகைய மட்டும் அப்புடியே விடச் சொல்லுங்க டாக்டரம்மா. அவன்கிட்டப் பேச எனக்கு வேற எடம் இல்ல."

நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பட்டியல் இல்லை.